ஆமைக்கு மூச்சை எண்ணி வைத்திருக்கிறதா? ஹம்மிங்பேர்டைப் பக்கத்தில் வைத்து ஒரு பதில்

வந்த கேள்வி இது: "ஹம்மிங்பேர்டின் இதயம் நிமிடத்துக்கு ஆயிரம் தடவை துடிக்கிறது, இரண்டு மூன்று வருடத்தில் செத்துப்போகிறது. கடல் ஆமை மெதுவாக மூச்சு விட்டு, மெதுவாகத் துடித்து, நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது. ஒவ்வொரு உயிருக்கும் இத்தனை மூச்சு, இத்தனை துடிப்பு என்று எண்ணித்தான் கொடுத்திருக்கிறது என்பார் எங்கள் தாத்தா. இதை அறிவியல் ஒத்துக்கொள்கிறதா?"

ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு காலத்தில் ஏறக்குறைய ஒத்துக்கொண்டது. அதனால் தாத்தாவை உடனே மடக்க வேண்டாம்.

நாளொன்றுக்கு 21,600 மூச்சு என்ற சித்தர் கணக்கை நம்மில் பலரும் கேட்டிருப்போம். நிமிடத்துக்கு 15 மூச்சு, நாளுக்கு 1,440 நிமிடம். பெருக்கிப் பார்த்தால் சரியாகவே வரும், ஓய்வில் இருக்கும் மனிதனுக்கு அது நல்ல கணக்கும்கூட. அதிலிருந்து "மூச்சைக் குறைத்தால் ஆயுள் கூடும், ஆமையைப் பார்" என்று தாவுவதுதான் வில்லங்கம். ஜெர்மனியில் மாக்ஸ் ரூப்னர் 1908ல் கிட்டத்தட்ட இதையே வேறு வழியில் சொன்னார்: ஒரு கிராம் உடலுக்கு ஆயுள் முழுக்க எரிக்கக் கிடைக்கும் சக்தி ஏறக்குறைய ஒரே அளவு, வேகமாக எரித்தால் சீக்கிரம் தீரும். அமெரிக்காவில் ரேமண்ட் பெர்ல் 1928ல் அதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார். பல பத்தாண்டுகள் அது பாடத்தில் இருந்தது. அதைக் கவிழ்த்த சான்றுகளில் பறவைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் ஹம்மிங்பேர்டும் அந்தக் கட்சிதான்.

முதலில் எந்த ஹம்மிங்பேர்டு, எந்த ஆமை என்று பேசிக்கொள்வோம். ஹம்மிங்பேர்டில் 360 இனங்களை ஒட்டி இருக்கின்றன, எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில். கடல் ஆமை ஏழே இனம். இரண்டும் ஒரே நாட்டில் கிடைக்கும் இடமாக கோஸ்டா ரிக்காவை எடுத்துக்கொள்ளலாம். குறுகலான இடத்தில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான் அகலம், ஒருபுறம் கரீபியன் கடல், மறுபுறம் பசிபிக். அங்கே வீட்டுத் தோட்டங்களில் சர்வசாதாரணமாகத் திரிவது செவ்வால் ஹம்மிங்பேர்டு, எடை 5 கிராம் அளவு. கரீபியன் கரையில் டோர்டுகேரோ என்ற இடத்தில் பேராமைகள் (பச்சை ஆமை என்றும் சொல்வார்கள்) ஆயிரக்கணக்கில் முட்டையிட ஏறுகின்றன. அட்லாண்டிக் பக்கத்தில் அவற்றுக்கு அதுவே மிகப் பெரிய முட்டையிடும் கரை. ஆர்ச்சி கார் 1950களில் அங்கே தொடங்கிய ஆய்வு இன்றுவரை தொடர்கிறது. பசிபிக் பக்கம் பிளாயா கிராண்டே கரைக்கு வருவது ஏழுவரி ஆமை. ஓடு கெட்டியாக இல்லாமல் தோலால் மூடி, முதுகில் நீளவாட்டில் வரிகள் ஓடும் அந்தப் பெரிய ஆமைதான்.

இந்தப் பிளாயா கிராண்டேயில்தான் உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும் ஓர் ஆய்வு நடந்தது. முட்டையிட்டு முடித்த ஏழுவரி ஆமைகள் மேல் இதயத்துடிப்பைப் பதியும் கருவியைப் பொருத்திக் கடலுக்கு அனுப்பினார்கள். அடுத்த முறை முட்டையிட அதே கரைக்கு அவை திரும்பி வந்தபோது கருவியை எடுத்துப் படித்தார்கள். 1999ல் வெளியான முடிவு இது: நீர்மட்டத்தில் இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரி 25 துடிப்பு, மூழ்கியிருக்கும்போது 17. ஒரு 44 நிமிட முக்குளிப்பில் ஒரு கட்டத்தில் துடிப்பு நிமிடத்துக்கு 1.05 என்று இறங்கியிருக்கிறது. அதாவது ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய ஒரு முழு நிமிடம்.

ஹம்மிங்பேர்டு பக்கம் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் பதிவு, மெக்சிகோ மலைப்பக்கத்து நீலத்தொண்டை ஹம்மிங்பேர்டுடையது: நிமிடத்துக்கு 1,260. நொடிக்கு 21. அந்த ஆமையின் இரண்டு துடிப்புக்கு நடுவே இந்தப் பறவைக்கு ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஃபார்வர்டு மெசேஜ் எழுதுகிறவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நாம் கொஞ்சம் பெருக்கல் போடுவோம்.

பறவை எந்நேரமும் 1,200ல் ஓடிக்கொண்டிருக்காது. உட்கார்ந்திருக்கும்போது சில நூறுதான், இரவில் இன்னும் குறையும். ஒரு பேச்சுக்குப் பகல் இரவு சேர்த்துச் சராசரி 400 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 21 கோடி துடிப்பு. கொலராடோவில் வளையம் மாட்டி விடப்பட்ட அகலவால் ஹம்மிங்பேர்டு ஒன்று 12 வயதைத் தாண்டிய பிறகு திரும்பப் பிடிபட்டிருக்கிறது. அதற்கு மொத்தம் 250 கோடி. ஆமைக்குத் தாராளமாக நிமிடத்துக்கு 20 என்று வைத்து, 70 வருடம் கொடுத்தால் 74 கோடி வருகிறது. சராசரியை 300 என்று குறைத்துப் போட்டாலும் பறவைதான் முன்னால் நிற்கும். நிமிடத்துக்கு 70 துடிப்போடு 70 வருடம் வாழும் மனிதனுக்கும் 257 கோடி. எண்ணிக் கொடுத்த கணக்கு என்றால் ஆமையை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த நூறு வருடக் கதையையும் இங்கே சரி செய்துவிடலாம். நூறைத் தாண்டி வாழ்பவை பெரிய நில ஆமைகள். செயின்ட் ஹெலினா தீவில் இருக்கும் ஜோனதன் 1832 வாக்கில் பிறந்தது என்று கணிக்கப்படுகிறது, அது நில ஆமை. பேராமைக்கு அறுபது, எழுபது, அதற்குச் சற்று மேல் என்பதுதான் நியாயமான கணக்கு. "ஆமை நிமிடத்துக்கு நாலைந்து மூச்சு விடும்" என்று பொதுவாகச் சொல்வதும் கடல் ஆமைக்குப் பொருந்தாது. அடியில் படுத்து ஓய்வெடுக்கும் பேராமை ஒரே மூச்சில் மணிக்கணக்காகக்கூட இருக்கும். மேலே வந்தால் ஓரிரு நொடியில் நுரையீரல் காற்றில் பெரும்பகுதியை மாற்றிக்கொண்டு இறங்கிவிடும்.

ரூப்னர் கணக்கு உடைவதைப் பார்க்க ஆமைகூடத் தேவையில்லை. ஐரோப்பாவின் குட்டை மூஞ்சூறு ஹம்மிங்பேர்டின் எடைதான், இதயமும் அதே வேகத்தில்தான் ஓடும். அது ஒன்றரை வருடம் தாண்டினால் அதிசயம். ஒரே எடை, ஒரே எரிப்பு, ஆனால் ஆயுளில் பல மடங்கு வித்தியாசம். அப்படியானால் ஆயுளை முடிவு செய்வது வேறு ஏதோ ஒன்று. அதற்குக் கீழே வருகிறேன்.

அதற்கு முன், "வேகமான பறவை, மெதுவான ஆமை" என்ற எதிர்நிலை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க வேண்டும். எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த பகுதியே இதுதான்.

ஹம்மிங்பேர்டு சுத்தமான அன்றாடங்காய்ச்சி. காலையில் சம்பாதித்ததைப் பகலிலேயே எரித்துவிடும். குடித்த தேனில் இருக்கும் சர்க்கரை முக்கால் மணிநேரத்துக்குள் அதன் பறக்கும் தசையில் எரிந்துகொண்டிருக்கும். மனிதத் தசைக்கு இந்த வேகம் கைவராது. 2023ல் வந்த ஒரு மரபணு ஆய்வு இதற்கு ஒரு காரணமும் காட்டியது: தசையில் சர்க்கரையைத் திரும்ப உருவாக்க உதவும் எஃப்பிபி2 என்ற மரபணுவை ஹம்மிங்பேர்டுகளின் மூதாதை தொலைத்துவிட்டது. எதிர்த்திசையில் இழுக்கும் அந்த வேலை நின்றதும், சர்க்கரையை எரிக்கும் வேலை தடையில்லாமல் ஓடுகிறது. ஒரு நாளில் தன் எடை அளவுக்கோ அதற்கு மேலோ தேன் குடித்தால்தான் கட்டுப்படியாகும்.

சரி, இரவில் என்ன செய்யும்? பூக்கள் தெரியாது, சாப்பாடு கிடையாது, உடம்போ 40 டிகிரியில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அது பறவையாக இருப்பதையே நிறுத்திக்கொள்கிறது என்று சொல்லலாம். டார்ப்பர் என்ற மந்தநிலைக்குள் போய், உடல் வெப்பத்தைச் சுற்றுப்புறக் குளிரோடு இறங்க விட்டுவிடும். பெரு நாட்டு ஆண்டிஸ் மலையில் 3,800 மீட்டர் உயரத்தில் செய்து 2020ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கருப்பு மெட்டல்டெயில் ஹம்மிங்பேர்டின் உடல் வெப்பம் 3.3 டிகிரிக்கு இறங்கியது பதிவானது. ஐஸ்பெட்டிக்குள் இருக்கும் பால் பாக்கெட்டின் வெப்பநிலை அது. பறவைகளிலேயே மிகக் குறைந்த பதிவு. ஆயிரத்துக்கு மேல் துடித்த இதயம் நாற்பது ஐம்பதுக்கு வந்துவிடும். அந்த நிலையில் கையில் எடுத்தால் கல் மாதிரி இருக்கும், பறக்காது, கண்ணும் திறக்காது. விடியும் முன் தசைகளை நடுக்கி நடுக்கி, இருபது நிமிடம் போல எடுத்துக்கொண்டு, திரும்பவும் 40 டிகிரிக்கு ஏறும்.

ஆக, இரவில் ஹம்மிங்பேர்டு ஒரு ஊர்வன போல வாழ்கிறது. இப்போது ஆமைப் பக்கம் திரும்பினால் அங்கே தலைகீழ். ஏழுவரி ஆமை ஊர்வனதான், ஆனால் கனடா பக்கத்துக் குளிர்கடலில் ஜெல்லிமீன் தேடித் திரியும். 7.5 டிகிரி தண்ணீரில் இருந்து எடுத்த ஓர் ஆமையின் உடல் உள்ளே 25.5 டிகிரி இருந்ததை 1972லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 18 டிகிரி வித்தியாசம். பெரிய உடம்பு, தடித்த கொழுப்பு, துடுப்புகளுக்குப் போகும் ரத்தத்தின் சூட்டைத் திரும்ப உடம்புக்குள்ளேயே பிடித்து வைக்கும் ரத்தநாள அமைப்பு, ஓயாத நீச்சல், எல்லாம் சேர்ந்து இதைச் சாதிக்கின்றன. 1988ல் வேல்ஸ் நாட்டுக் கரையில் ஒதுங்கிய ஒரு ஆண் ஆமை 916 கிலோ. அவ்வளவு பெரிய உடம்பு லேசில் ஆறாது. 5 கிராம் பறவைக்கோ எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு மிக அதிகம், சூடு ஒழுகிக்கொண்டே இருக்கும். வெப்பரத்தம், குளிர்ரத்தம் என்று நாம் பள்ளியில் கோடு போட்டுப் பிரித்ததை இந்த இரண்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் அழிக்கின்றன.

தண்ணீர்க் கணக்கிலும் இப்படி ஒரு வேடிக்கை உண்டு. கடல் ஆமைக்கு உப்பு அதிகம், நல்ல தண்ணீர் இல்லை. அதன் சிறுநீரகத்தால் கடல்நீரைவிட உப்பான சிறுநீரை ஆக்க முடியாது. அதனால் கண்ணுக்குப் பின்னால் உள்ள உப்புச் சுரப்பிகள் அந்த வேலையைச் செய்கின்றன. முட்டையிடும் ஆமை அழுவதாகச் சொல்வார்களே, பிசுபிசுப்பாக வழியும் அந்தத் திரவம்தான் அது. பிரசவ வேதனைக் கண்ணீர் இல்லை, கடலிலும் அது வழிந்துகொண்டுதான் இருக்கும், நமக்குத் தெரியாது. ஹம்மிங்பேர்டுக்கு நேர்மாறான தொல்லை. தேனில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். சர்க்கரைக்காகக் குடித்தால் தண்ணீர் கூடவே வந்து தொலைக்கிறது. அதை உப்பு இழக்காமல் வெளியே தள்ள வேண்டும். அன்னா ஹம்மிங்பேர்டின் சிறுநீரகத்தைப் பிரித்துப் பார்த்தபோது, அதிலிருந்த வடிகட்டும் குழல்கள் ஏறக்குறைய எல்லாமே வளைவில்லாத எளிய வகை. அந்த வகைக்கு உடலியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே "ஊர்வன வகை" என்பதுதான். சிறுநீரைச் செறிவாக்கத் தெரியாது, நீர்த்துப்போக விடத் தெரியும். தினம் எடை அளவு திரவம் குடிப்பவருக்கு அது போதும்.

இறக்கையும் துடுப்பும் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, ஒன்று மட்டும். சாதாரணப் பறவை மெதுவாகப் பறக்கும்போது இறக்கையைக் கீழே அடிப்பதில்தான் தூக்குவிசை. ஹம்மிங்பேர்டு அந்தரத்தில் நிற்கும்போது இறக்கையைத் திருப்பி மேலடியிலும் விசை எடுக்கிறது. 2005ல் அளந்தபோது கீழடியில் 75 சதவீதம், மேலடியில் 25 சதவீதம் என்று வந்தது. கடல் ஆமையும் முன்துடுப்பை நீருக்குள் இறக்கை போலவே மேலும் கீழும் அடிக்கிறது, இரண்டு அடியிலும் உந்துவிசை எடுக்கக்கூடியது. தரையில் இரண்டுமே சுத்த மோசம். ஹம்மிங்பேர்டால் நடக்கவே முடியாது, கிளையில் பக்கவாட்டில் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான்.

இப்போது ஆயுள். உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1950களில் தொடங்கி வைத்த விளக்கம் இன்றும் நிற்கிறது. ஓர் உயிர் எத்தனை நாள் தாங்கும்படி கட்டப்பட்டிருக்கிறது என்பது, வெளியிலிருந்து வரும் சாவு அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பூனை, ஆந்தை, பாம்பு என்று எல்லோரும் பிடித்துத் தின்னும் மூஞ்சூறுக்கு, பத்து வருடம் ஓடும் உடம்பைக் கட்டிப் பயனில்லை. அதற்குள் யாராவது தின்றிருப்பார்கள். இயற்கைத் தேர்வு சீக்கிரம் குட்டி போடுபவற்றைத்தான் பார்த்துக்கொள்ளும். பறக்கத் தெரிந்தவை தப்பித்துக்கொள்ளும், அதனால் அதே எடையில் பறவைக்கும் வௌவாலுக்கும் ஆயுள் அதிகம். நூறு கிலோவைத் தாண்டி ஓட்டோடு நீந்தும் பேராமையை வளர்ந்த பிறகு புலிச்சுறா போன்ற சிலவற்றைத் தவிர யாரும் தொட முடியாது. அதனால் நிதானமாக நீண்ட நாள் வாழும் உடம்பு அதற்குக் கட்டுப்படியாகிறது. மூச்சு மெதுவாக விடுவது காரணம் இல்லை.

முட்டையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஹம்மிங்பேர்டு இடுவது இரண்டே முட்டை, ஒன்று அரை கிராம். இரண்டும் சேர்த்தால் தாயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு! கூட்டைச் சிலந்திநூலால் கட்டும், குஞ்சு வளர வளரக் கூடும் விரிந்துகொடுக்கும். ஆண் எட்டியும் பார்க்காது, அடைகாப்பதும் ஊட்டுவதும் தாய் மட்டுமே. பேராமை ஒரு குழியில் நூற்றுப் பத்து முட்டை போல இட்டு, மணலை மூடிவிட்டுப் போய்விடும். பருவத்தில் சில தடவை இப்படிச் செய்துவிட்டு, இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் திரும்ப வரும். ஒரு முட்டை 45 கிராமுக்கு மேல். பொரித்து வரும் குஞ்சு 25 கிராம், அதாவது ஐந்து முழு வளர்ச்சி பெற்ற செவ்வால் ஹம்மிங்பேர்டுகளின் எடை. அந்தக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. 29 டிகிரியை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து வரும், சூடு ஏறினால் பெண். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் வடக்குப் பகுதி இளம் பேராமைகளில் 99 சதவீதம் பெண் என்று 2018ல் கண்டார்கள். தாய் உட்கார்ந்து சூட்டைக் காக்கும் பறவைக்கு இந்தத் தலைவலி இல்லை.

ஆயிரம் ஆமைக்குஞ்சில் ஒன்று பெரிதாகும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அந்த ஒன்றும் முட்டையிட இருபத்தைந்து வருடமோ அதற்கு மேலோ ஆகும். குஞ்சுகள் கொத்தாகச் சாவது இந்த ஏற்பாட்டில் ஏற்கெனவே சேர்ந்த செலவு. ஏற்பாட்டில் இல்லாதது, வளர்ந்த ஆமை சாவது. பிளாயா கிராண்டேயில் 1988-89 பருவத்தில் 1,367 ஏழுவரி ஆமைகள் முட்டையிட வந்தன. பத்தே வருடத்தில், 1998-99ல், 117. கரையில் முட்டையைத் தோண்டி எடுத்தது ஒரு பக்கம், கடலில் மீன்பிடி வலையிலும் தூண்டிலிலும் வளர்ந்தவை மாட்டிச் செத்தது மறுபக்கம். ஹம்மிங்பேர்டு இனத்துக்கு ஒரு மோசமான வருடம் வந்தால், தப்பியவை அடுத்த வருடமே கூடு கட்டிச் சமாளிக்க வாய்ப்பு உண்டு. ஆமைக்கு ஒரு மோசமான வருடத்தை ஈடுகட்ட ஒரு தலைமுறையே வேண்டும்.

நம் கரையிலும் இதே கதைதான், ஆமை மட்டும் வேறு. சென்னைக் கரைக்குத் தை முதல் பங்குனி வரை வருவது சிறிய பங்குனி ஆமை. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியவை பெரும்பாலும் வளர்ந்த ஆமைகள். இழுவலைக்குள் சிக்கி மேலே வர முடியாமல் மூச்சுத் திணறிச் சாவதுதான் இதில் முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அடியில் படுத்து ஓய்வெடுக்கும்போது மணிக்கணக்கில் தாங்கும் அதே மூச்சு, வலைக்குள் திமிறும்போது அவ்வளவு நேரம் தாங்காது. ஆமை தப்பிக்க வழிவிடும் கம்பிச் சட்டத்தை வலையில் பொருத்தச் சொல்வது இதனால்தான்.

கேள்வியின் கடைசியில் "எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் ஹம்மிங்பேர்டு வருகிறது, அதற்கும் இந்தக் கணக்கு பொருந்துமா" என்று கேட்டிருந்தீர்கள். அது ஹம்மிங்பேர்டு இல்லை, தேன்சிட்டு. வளைந்த அலகு, மினுங்கும் நிறம், தேன்குடி எல்லாம் ஒன்றுதான், ஆனால் குடும்பம் வேறு. தனித்தனியாக இந்த உருவத்துக்கு வந்து சேர்ந்தவை. கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும், அந்தரத்தில் நிற்பது கொஞ்ச நேரம்தான். ஆமையை நேரில் பார்க்க ஆசை இருந்தால் ஜனவரி முதல் மார்ச் வரை சென்னையில் இரவு ஆமை நடைக்குப் போகலாம். மாணவர்கள் 1988 முதல் நடத்தி வருகிறார்கள். தாத்தா நடக்கக்கூடியவர் என்றால் அவரையும் கூட்டிப் போங்கள், மணலில் சில கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும்.